கருவி வாங்கப் பணம் இருக்கிறது, அதை ஓட்டப் பணம் எங்கே?

ஆராய்ச்சி நிதி என்றாலே நம் நாட்டில் பேச்சு மொத்தத் தொகையோடு நின்றுவிடுகிறது. 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போகிறது. குறைவுதான், கூட்ட வேண்டியதுதான். ஆனால் மின்னணு, ஃபோட்டானிக், காந்தச் சாதனங்களைச் செய்து பார்க்கும் ஆய்வகங்களில் திட்டங்கள் முடங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பணம் கருவி என்ற தலைப்பில் வருகிறது. செலவோ, அந்தக் கருவியில் ஒரு செய்முறையை நிலைப்படுத்துவதில் இருக்கிறது. இந்த இரண்டாவது செலவுக்குப் பட்ஜெட் படிவத்தில் இடமே இல்லை.

எம்ராம் என்ற காந்த நினைவகத்தின் அடிப்படையான எம்டிஜே, அதாவது காந்தச் சுரங்கச் சந்தியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு காந்தப் படலங்கள், நடுவே ஏறக்குறைய 1 நானோமீட்டர் தடிமனில் மெக்னீசியம் ஆக்சைடு. 2004-ல் ஐபிஎம்மில் ஸ்டூவர்ட் பார்க்கின் குழுவும் ஜப்பானில் ஷின்ஜி யுவாசா குழுவும் இந்த ஆக்சைடால் என்ன முடியும் என்று காட்டின. 2010-ல் தோஹோகு பல்கலைக்கழகக் குழு கோபால்ட்-இரும்பு-போரான் படலங்களைக் கொண்டு 40 நானோமீட்டர் விட்டமுள்ள செங்குத்துக் காந்தச் சந்தியைச் செய்தது. அதன் பிறகு எத்தனையோ ஆய்வகங்கள் அதே அடுக்கைச் செய்ய முயன்றிருக்கின்றன. அடுக்கின் வரிசை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதல் வேஃபரிலேயே (சாதனம் செய்யும் வட்டத் தகடு) வேலை செய்யும் சந்தி கிடைப்பது அரிது.

ஏன்? பத்துப் பதினைந்து படலங்களை வெற்றிடம் உடையாமல் ஸ்பட்டரிங் என்ற படிவு முறையில் அடுக்க வேண்டும். ஆக்சைடு 0.1 நானோமீட்டர் கூடினாலே சந்தியின் மின்தடை ஏறக்குறைய இருமடங்காகிவிடும். அறையை ஒருமுறை திறந்து டார்கெட்டை (படலமாகப் படியும் மூலப்பொருள் தட்டு) மாற்றினால் படிவு வேகத்தை மறுபடி அளந்தாக வேண்டும். பிறகு 300 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிப் படிகத்தைச் சீராக்க வேண்டும். அடுத்து எலக்ட்ரான் கற்றையால் வடிவம் வரைந்து ஆர்கான் அயனிகளால் செதுக்க வேண்டும். பெரும்பாலான சந்திகள் சாவது இங்கேதான். செதுக்கப்பட்ட உலோகம், தூண் போல எஞ்சி நிற்கும் சந்தியின் பக்கச் சுவரில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆக்சைடின் குறுக்கே அது ஒரு பாலம் போட்டால் ஷார்ட், கதை முடிந்தது. அதை நீக்க வேஃபரைச் சாய்த்து மறுபடி அயனிகளைப் பாய்ச்சுவார்கள். அதிகமாகப் பாய்ச்சினால் ஆக்சைடின் விளிம்பே கெட்டுவிடும். எங்கே நிறுத்துவது என்று சொல்ல, எந்தப் படலம் இப்போது வெளியேறுகிறது என்று காட்டும் உணரி வேண்டும். செதுக்கியதும், முடிந்தால் காற்றுப் படுவதற்கு முன்பே, சிலிக்கான் நைட்ரைடால் மூட வேண்டும்.

இந்தக் கோணம், நேரம், ஆற்றல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வெறும் சோதனை வேஃபர்கள் மட்டுமே டஜன் கணக்கில் செலவாகும். அவற்றிலிருந்து ஒரு கட்டுரையும் வராது. ஆனால் அவை இல்லாமல் சாதனமும் வராது. திட்ட முன்மொழிவில் இதை எழுதினால், 'நுகர்பொருளுக்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்டு மதிப்பீட்டாளர் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் இளம் ஆசிரியர்களுக்குத் தரும் நிதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரதமர் பெயரிலான தொடக்கநிலை ஆய்வு நிதி, 3 ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை. அதற்கு முந்தைய அமைப்பான எஸ்இஆர்பியின் தொடக்க நிதி 2 ஆண்டுக்கு 30 லட்சமாக இருந்தது. உயர்த்தியது நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆய்வு மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000, மூன்றாம் ஆண்டில் எஸ்ஆர்எஃப் 42,000. வீட்டு வாடகைப்படி சேர்க்காமலேயே ஒரு மாணவருக்கு 3 ஆண்டில் 13.92 லட்சம். இரண்டு பேர் என்றால் ஏறக்குறைய 28 லட்சம். மீதி 32 லட்சத்தில் கருவி, நுகர்பொருள், தூய்மை அறைக் கட்டணம், பயணம் எல்லாம் அடங்க வேண்டும். இதில் 20 லட்சத்துக்கு ஒரு கருவி வாங்கினால், சோதனை வேஃபருக்கு மிஞ்சுவது என்ன?

வரியும் இந்தக் கணக்கைக் கலைக்கும். அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களுக்குக் கருவிகள் மீதிருந்த 5 சதவீதச் சலுகை ஜிஎஸ்டி 2022 ஜூலை 18-ல் திரும்பப் பெறப்பட்டது. 18 சதவீதம் கட்ட வேண்டிய கருவி 1 கோடி ரூபாய் என்றால் கூடுதல் சுமை 13 லட்சம். பழைய விகிதத்தில் பட்ஜெட் போட்டு ஒப்புதல் வாங்கியவர்கள் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்ப முடியும்? வேகம் குறைந்த பம்ப், சின்ன வேஃபர் தாங்கி என்று கருவியின் திறனைத்தான் குறைக்க முடியும். அப்படிக் குறைத்து வாங்கியது ஆயுளுக்கும் அந்த ஆய்வகத்தைக் கட்டிப்போடும்.

கொள்முதல் விதிகள் 2025 ஜூனில் தளர்ந்தன. அறிவியல் நிறுவனங்களில் விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம். கொள்முதல் குழுவின் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். 200 கோடி வரையிலான உலகளாவிய டெண்டருக்கு இயக்குநரே ஒப்புதல் தரலாம். ஒரு உதிரிப் பாகத்துக்காக மாதக்கணக்கில் கருவி நிற்பது இதனால் குறையும். ஆனால் உதிரிப் பாகம் வாங்கத் தலைப்பில் பணம் இருந்தால்தானே! உத்தரவாதக் காலமும் திட்டக் காலமும் பல நேரம் ஒன்றாகவே முடிகின்றன. அதன் பிறகு டர்போ பம்ப் பழுதானால், ஆர்எஃப் ஜெனரேட்டர் போனால், குளிர்நீர்க் குழாய் கசிந்தால் யார் கொடுப்பது? ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கருவி விலையில் ஒரு கணிசமான பங்கை ஆண்டுதோறும் கேட்கும். நாட்டின் பல ஆய்வகங்களில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய கருவிகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். வாங்கியவர்களின் அலட்சியம் என்று சொல்வது அநியாயம்.

பொது மையங்கள் என்ற வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2006-ல் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் ஐஐடி பம்பாயிலும் நானோ மின்னணு மையங்கள் தொடங்கின. 2008-ல் ஐஎன்யூபி திட்டம் வந்து, வெளிக் கல்லூரி மாணவர்களும் அங்கே போய்ச் சாதனம் செய்ய வழி திறந்தது. இன்று அந்தத் திட்டத்தில் சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாத்தி ஐஐடிகளும் இருக்கின்றன. மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு கல்லூரி ஆசிரியருக்கு நல்ல யோசனை இருந்தால், 20 லட்சத்துக்குச் சிறு கருவி வாங்குவதைவிட அங்கே நேரம் கேட்பதுதான் அறிவு. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் 2015-ல் 16 மையங்களை என்என்சிஐ என்ற பெயரில் இணைத்து, 5 ஆண்டுக்கு 81 மில்லியன் டாலர் கொடுத்தது. அங்கே அதன் பலமாக இருந்தவர்கள் வெளிப் பயனருக்கு உதவும் நிரந்தரச் செய்முறைப் பொறியாளர்கள். நம் மையங்களில் அந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். எந்த வாயுவை எவ்வளவு விட்டால் சுவர் செங்குத்தாக வரும் என்று கையால் அறிந்தவர் வெளியேறினால் செய்முறையும் அவரோடு போய்விடுகிறது.

சிப்பில் ஒளியைச் செலுத்தும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸில், ஃபவுண்டரி என்ற சிப் ஆலையில் பலரோடு ஒரே வேஃபரைப் பகிர்ந்து சிப் செய்யலாம். சொந்தமாகத் தூய்மை அறை வேண்டாம். ஆனாலும் ஒளி செல்லும் அலைவழியின் அகலம் 1 நானோமீட்டர் மாறினால், குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் பிடிக்கும் வளைய ஒத்ததிர்வியின் அலைநீளம் ஏறக்குறைய 1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் ஒரே வடிவத்தைப் பல அகலங்களில் வரைய வேண்டும், சிப்பிலேயே ஹீட்டர் வைத்துச் சரிசெய்ய வேண்டும். சிப் வந்த பிறகு ஃபைபர் ஒட்டுவதும் பேக்கேஜிங்கும் சிப்பின் விலையை மிஞ்சலாம். முன்மொழிவுகளில் அடிக்கடி விட்டுப்போகும் வரி இதுதான்.

முன்மொழிவு எழுதுபவர்களுக்கு என் கருத்து: மூன்று சுற்றுக்குக் குறையாமல் மாஸ்க் (வடிவத்தைப் பதிக்கும் அச்சு), வேஃபர், கருவி நேரம் போடுங்கள். முதல் சுற்று தோற்கும், இரண்டாவது பாதி தேறும், மூன்றாவதில்தான் அளக்கத்தக்க தரவு வரும் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 'இந்த அளவு வந்தால் அடுத்த படி' என்ற எண்ணைக் குறியுங்கள். மதிப்பீடு செய்பவர்கள் நுகர்பொருளை வெட்டும் முன், அந்த எண்களைப் படித்துப் பாருங்கள்.

ஏஎன்ஆர்எஃப் செய்ய வேண்டியது: செய்முறை மேம்பாடு என்று தனித் தலைப்பு, கருவியோடு 5 ஆண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்தே ஒப்புதல், திட்ட நிதியிலிருந்தே செய்முறைப் பொறியாளருக்கு 5 ஆண்டுச் சம்பளம். கூடவே ஒரு நிபந்தனை: எந்தக் கோணத்தில் செதுக்கியபோது ஷார்ட் ஆனது, எந்த வெப்பத்தில் படலம் உரிந்தது என்ற தோல்விப் பதிவுகளையும் இறுதி அறிக்கையோடு பொதுவில் வைக்க வேண்டும். அடுத்த ஆய்வகம் அதே பத்து வேஃபரை மறுபடி வீணாக்க வேண்டியிருக்காது.