நாள் பார்க்க வேண்டியது இதற்குத்தான்

குழந்தை தலை சிறுத்துப் பிறந்துவிட்டால் நம்ம கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்தில் பெற்றவளிடம் முதலில் கேட்கிற கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா அம்மணி?" என்பதுதான். கட்டுச்சோறு விருந்தில் யார் கண் பட்டது என்பது அடுத்தது. கிரகணத்துக்கும் கண்ணேறுக்கும் இதில் எந்தப் பங்கும் கிடையாது. ஆனால் நாள் கணக்கு நிச்சயமாக உண்டு. கர்ப்பத்தில் எந்தத் தொற்று எத்தனையாவது வாரத்தில் வந்தது, பிறந்து எத்தனை நாளுக்குள் எதைச் சோதித்தார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காது குத்துக்குக்கூடப் பஞ்சாங்கம் புரட்டுகிற நாம் இந்த நாள்களைத் தவறவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

மண்டை ஓடு தானாகப் பெரிதாவதில்லை. உள்ளே மூளை வளர்ந்து தள்ளுகிற தள்ளலில்தான் ஓடு விரிகிறது. கருவின் மூளையில் நரம்பணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களைக் கிருமி அழித்துவிட்டால் மூளை வளராது, ஓடும் அந்த அளவிலேயே நின்றுவிடும். குளிப்பாட்டும்போது எண்ணெய் வைத்து உருட்டிப் பிடித்துவிட்டால் தலை சரியாகிவிடும் என்று அம்மிச்சிமார் சொல்வது அன்பினால்தான். ஆனால் வெளியிலிருந்து பிடித்துவிட்டு உள்ளே இருப்பதை வளர்க்க முடியாது. உச்சிக்குழியை அழுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

நாள் கணக்கில் முதலாவது, பிறந்த வாரத்திலேயே வந்துவிடுகிறது. தலைச் சுற்றளவை அளந்து தாய் சேய் நல அட்டையில் எழுத வேண்டும். எடையை எல்லாரும் எழுதுகிறார்கள், எல்லாரும் கேட்கிறார்கள். "மூணு கிலோவுங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறோம். தலை எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் பதில் வராது. நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் மிகவும் புடைத்த இடத்தைச் சுற்றி வர வேண்டும். மூன்று முறை அளந்து, அதிகமாக வந்த அளவை எழுத வேண்டும். தையல்காரரும் பனியன் கம்பெனிக்காரரும் வைத்திருக்கிற பழைய துணி டேப் உதவாது. அது இழுபட்டு நீண்டிருக்கும், அதில் அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நீளாத நாடா வேண்டும். அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் இங்கே முடிவே மாறிவிடும்.

நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு நடு அளவு 34.5 செ.மீ., பெண் குழந்தைக்கு 33.9. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஆணுக்கு 31.9-க்கும் பெண்ணுக்கு 31.5-க்கும் கீழே போனால் அது சிறுதலை. 30.7, 30.3-க்கும் கீழே போனால் கடுமையான சிறுதலை. குறைமாதக் குழந்தைக்கு இந்த எண்கள் பொருந்தாது, வாரத்துக்கு ஏற்ற தனி அட்டவணை உண்டு. சுகப்பிரசவத்தில் தலை நசுங்கியோ வீங்கியோ வந்திருக்கலாம். அதனால் முதல் நாள் அளந்ததோடு விடாமல், இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை அளக்க வேண்டும். இது முடிந்ததும் அப்பன், ஆத்தா தலையையும் அளந்து பார்க்கலாம். குடும்பத்திலேயே சின்னத் தலை என்றால், குழந்தை மற்றபடி நன்றாக இருந்தால், அது நோயாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்குதான் நெஞ்சைப் பிசைகிறது. பிறக்கும்போதே குழந்தைக்கு இருக்கிற தொற்றுகளில் உலகம் முழுக்க அதிகம் காணப்படுவது சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி. கொசுவால் பரவும் ஜிகா வைரஸைக் கேள்விப்பட்டவர்களுக்குக்கூட இந்தப் பெயர் தெரியாது. இது கருவிலேயே வந்ததா என்று உறுதி செய்ய, குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ பிசிஆர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பிறந்த 21 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு கிருமி தெரிந்தாலும், பிரசவத்தின்போதோ தாய்ப்பாலிலோ வந்திருக்கலாம் என்பதால் அந்த முடிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "தீட்டுக் கழியட்டும், முப்பது நாள் போகட்டும், பச்சை உடம்பை எங்க தூக்கிட்டுப் போறது" என்கிறோம். அந்த முப்பது நாளில் 21 நாளும் கரைந்துபோகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையக்கூட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே சிறுநீர்ப் பை ஒட்டி எடுத்துவிடலாம். எச்சில் எடுப்பதானால் பால் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று சொல்லவில்லை. தலை சிறியது, எடை மிகக் குறைவு, மஞ்சள் காமாலை விடவில்லை, ஈரல் மண்ணீரல் வீங்கியிருக்கிறது, தோலில் ஊதாப் புள்ளிகள், காது கேட்கும் சோதனையில் தேறவில்லை, ஸ்கேனில் மூளையில் சுண்ணாம்புப் படிவு என்று ஏதாவது ஒன்று இருந்தால் கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடம் "சிஎம்வி பாக்கணுங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தொற்று உறுதியாகி, அறிகுறிகளும் தெளிவாக இருந்தால் வால்கான்சிக்ளோவிர் மருந்து உண்டு. எடையில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 6 மாதம். முதல் மாதத்துக்குள் தொடங்குவதே நல்லது. வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும். இது தலையைப் பெரிதாக்காது. செவித்திறனைக் காக்கவும் வளர்ச்சிக்குக் கைகொடுக்கவும்தான். அந்தச் செவித்திறன் சின்ன விஷயமா? பிறந்தபோது காது நன்றாகக் கேட்டு, பிறகு மெல்ல மெல்லக் குறைகிற குழந்தைகளும் இதில் உண்டு. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாசமாக இருப்பவளுக்கு சிஎம்வி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வீட்டிலிருக்கிற மூத்த குழந்தையிடமிருந்து. நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்கு இது சிறு வயதிலேயே வந்து போயிருக்கும். ஆனாலும் உள்ளே உறங்குவது மறுபடி விழிக்கலாம், வேறு வகை புதிதாகத் தொற்றலாம். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இந்த வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் ஆத்தாதான் சாப்பிடுகிறாள். ஊட்டும் கரண்டியிலேயே சூடு பார்க்கிறாள். அடுத்த பிரசவம் முடியும் வரை இதை மட்டும் நிறுத்துங்கள். தனித் தட்டு, தனிக் கரண்டி. முத்தம் உதட்டில் வேண்டாம், நெற்றியில் கொடுங்கள். மூத்திரத் துணி மாற்றினால், மூக்குத் துடைத்தால் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். அங்கன்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். குழந்தையைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை, எச்சிலைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு எளிதானதை விட்டுவிட்டு, கருவைப் பாதிக்கும் பல தொற்றுகளை ஒன்றாக ரத்தத்தில் தேடும் 'டார்ச்' சோதனையை ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுக்கிறார்கள். ஒரு கரு கலைந்தால் டார்ச், இரண்டாவது கலைந்தால் மறுபடி டார்ச். ஐஜிஜி பாசிட்டிவ் என்று தாள் வந்ததும் வீடே இடிந்துபோகிறது. ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் எப்போதோ வந்து போன தொற்றின் தடம், அவ்வளவுதான். ரூபெல்லாவில், அதாவது ஜெர்மன் அம்மையில், அது இருப்பது நல்லது, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பொருள். புதிய தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் உடனே நடுங்க வேண்டாம். அது பொய்யாகவும் வரும், பழைய தொற்றுக்குப் பல மாதம் நீடித்தும் நிற்கும். இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொரு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும், எதிர்ப்பொருள் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று காட்டும் அவிடிட்டி என்ற சோதனையும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அவிடிட்டி அதிகமாக இருந்தால் தொற்று கருத்தரிக்கும் முன்பே வந்தது என்று பொருள். ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு கருவைக் கலைக்க முடிவெடுப்பது கொடுமை. காய்ச்சலோடு தடிப்பு வந்திருந்தால், அம்மை கண்டவரோடு பழகியிருந்தால், ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் சோதிப்பதில் அர்த்தம் உண்டு. ஸ்கேனிலும் ஒரு பிடி இருக்கிறது. 18-20 வார ஸ்கேனில் தலை சரியாக இருந்துவிட்டு, 28 வாரத்துக்குப் பிறகு பின்தங்குவது உண்டு. முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

ரூபெல்லாவுக்கு நாள் பார்க்க வேண்டியது கல்யாணத்துக்கு முன்பே. முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு வந்தால் பத்தில் எட்டு ஒன்பது கருக்கள் வரை பாதிக்கப்படலாம். கண்புரை, இதயத்தில் ஓட்டை, செவிட்டுத்தன்மை, அதோடு சிறுதலை. கண்புரைக்கும் தாயின் ரூபெல்லாவுக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-லேயே சொல்லிவிட்டார். நம் மாநிலத்தில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகளும் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களும், 2002-க்கு முன்னால் பிறந்தவர்களும் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள். நிச்சயம் ஆகி, சீர் பேசி, பட்டெடுக்க நாளாகிறது அல்லவா, அந்த இடைவெளியில் ஒரு ஊசி போட்டுவிடலாம். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி இது. அதனால் கர்ப்பத்தில் போடக் கூடாது, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. தெரியாமல் போட்டபின் கர்ப்பம் என்று தெரிந்தால் கலைக்க வேண்டிய அவசியம் இல்லை. பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கருவைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி என்றதும் எல்லாரும் பூனையை விரட்டுகிறார்கள். பூனையைத் தொடுவதைவிட அதன் கழிவு கலந்த மண்ணும், வேகாத கறியும்தான் வழி. ரத்தம் ஊறட்டும் என்று கர்ப்பிணிக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்து, "சத்துப் போயிரும்" என்று அரைவேக்காட்டில் கல்லில் புரட்டிக் கொடுப்பார்கள். சுவரொட்டி கொடுங்கள், உள்ளே சிவப்பு தெரியாமல் வேக வையுங்கள். நோன்பிக்குக் கிடா வெட்டும் இடத்தில் பச்சைக் கறி அரிந்த கையோடு உப்புப் பார்க்க வேண்டாம். இன்னொன்று இந்த மண்ணில் யாரும் சொல்லாதது: பட்டியில் ஆடு குட்டி வீசினால், அதாவது கரு கலைந்தால், அதற்கு இந்தக் கிருமியும் ஒரு காரணம். ஆடு ஈனும்போது பிடிப்பது, நஞ்சுக்கொடி எடுப்பது, செத்த குட்டியைத் தூக்கிப் போடுவது இவையெல்லாம் மாசமாக இருப்பவள் செய்யவே கூடாத வேலை. கீரையைப் பல தண்ணீரில் அலசுங்கள், தோட்டத்து மண்ணில் கை வைத்தால் கழுவுங்கள்.

சின்னம்மை முதல் 20 வாரத்தில் வந்தால் நூற்றில் ஓரிரு குழந்தைக்குப் பாதிப்பு உண்டு. கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும். அம்மை வார்த்த வீட்டுக்கு வேப்பிலை கொண்டுபோகும் வேலையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள். முன்பு அம்மை வராதவள் தெரியாமல் போய்விட்டால், பத்து நாளுக்குள் போடக்கூடிய எதிர்ப்பொருள் ஊசி இருக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜிகா 1947-இல் உகாண்டாக் காட்டில் கண்டறியப்பட்டது, 2015-இல் பிரேசிலில் சிறுதலைக் குழந்தைகளால் உலகத்துக்குத் தெரிந்தது. 2021-இல் திருவனந்தபுரத்தில் வந்தது. வாளையாறு தாண்டிக் கேரளத்துக்கு நாள்தோறும் போய்வருகிற நமக்கு அது தூரமில்லை. பரப்புவது டெங்குவைப் பரப்பும் அதே பகல் கொசு. வாரம் பத்து நாளுக்கொருமுறை குழாயில் தண்ணீர் விட்டால் டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள். வாசலில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல் குழி, தோப்பில் சிதறிய தேங்காய்த் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு இவற்றையும் பாருங்கள். பகலில் படுத்தாலும் கொசுவலை வேண்டும். ஜிகா உடலுறவிலும் பரவும். பரவிய ஊருக்குப் போய் வந்த ஆண் 3 மாதம் ஆணுறை பயன்படுத்த வேண்டும், மனைவி கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை.

தொற்று எதுவும் இல்லாமலும் சிறுதலை வரும். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டிய வீட்டில் மரபணு வழியாக வந்து, அடுத்த குழந்தைக்கும் வரலாம். அங்கே கிருமியைத் தேடிக்கொண்டிருக்காமல் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். காரணம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலையை அளக்கச் சொல்லுங்கள். முதல் 3 மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த 3 மாதம் மாதத்துக்கு 1 செ.மீ., அதற்குப் பின் ஒரு வயது வரை அரை செ.மீ. என்ற கணக்கில் வளர வேண்டும். வளரவில்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குக் குழந்தையையும் அட்டையையும் எடுத்துப் போங்கள். கண், காது, வலிப்பு, விழுங்குவது, தசை இறுக்கம் எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். போகும்போது மாமியாரோ நாத்தனாரோ கூடப் போங்கள். கிரகணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.