இன்டர்நெட் தம்பிக்கு நான் கொடுத்த விளக்கம்

போன மாதம் பில் வசூலுக்கு வந்த இன்டர்நெட் தம்பி, ரசீதைக் கிழித்துக்கொண்டே கேட்டார். "ராத்திரில டோரண்ட் ஓட விடறீங்களாட்ட இருக்குதுங்ணா?" டோரண்ட் என்றால், பெரிய ஃபைலைப் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்குகிற முறை.

"ஐயோ, படமெல்லாம் இல்லீங் தம்பி. உபுண்டுன்னு ஒண்ணு, விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல போடறது, அஞ்சு ஜிபிக்கு மேல வரும். அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ்னு ஒரு நூலக சைட், அதுல இருந்து பழைய தமிழ்ப் புத்தகம் கொஞ்சம்..." என்று வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "நா ஒண்ணும் சொல்லலீங்ணா. மேல இருந்து கேட்டா நாங்க பதில் சொல்லோணுமல்லங்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அவர் கேட்டதைவிட, நான் பதில் சொன்னதுதான் உறுத்தியது. பணம் கட்டுகிறவன் நான். என்ன இறக்கினேன் என்று கணக்கு ஒப்பிக்க எனக்கென்ன வந்தது?

பால்காரரும்தான் கேட்பார், "ரெண்டு நாளா பால் அதிகமா வாங்கறீங்க, ஊர்ல இருந்து யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று. சந்தோஷமாகச் சொல்வோம். ஆனால் பால்காரர் அதை எழுதி இரண்டு வருடம் பத்திரப்படுத்துவதில்லை. இன்டர்நெட் கம்பெனி வைத்தாக வேண்டும். எந்த இணைப்பு, எந்த நேரத்தில், எந்த முகவரியோடு பேசியது என்ற பதிவுகளைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது அரசு தருகிற லைசென்ஸின் விதி. 2021 டிசம்பருக்கு முன்பு அது 1 வருடமாக இருந்தது.

"பூட்டுப் படம் போட்ட சைட்தானே, யாருக்குத் தெரியும்?" என்பார்கள். பூட்டு இருந்தால் உள்ளே என்ன படித்தோம் என்று தெரியாது, சரி. எந்த வாசலில் நுழைந்தோம் என்பது பெரும்பாலும் தெரியும். சைட் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் பொதுவாக அவர்களுடையதுதான். அதை மாற்றிவிட்டாலும், இணைப்புத் தொடங்கும்போது சைட்டின் பெயர் இன்னமும் பல இடங்களில் திறந்த அஞ்சலட்டையாகத்தான் போகிறது. பிரவுசரில் இருக்கிற இன்காக்னிட்டோ, அதாவது பார்த்ததைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்காத வசதி, எல்லாம் வீட்டில் இருக்கிறவர்களிடம் மறைக்கத்தான். ராத்திரி 2 மணிக்கு ஒரு கிட்னி ஆஸ்பத்திரி, காலையில் ஒரு நகைக்கடன் கம்பெனி, மதியம் ஒரு வேலை தேடும் தளம். பக்கத்தைத் திறந்து பார்க்கவே வேண்டாம், மூன்று பெயர் போதும், ஒரு குடும்பத்தின் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

டோரண்ட்டில் மறைக்க இன்னும் குறைவு. டோரண்ட் மென்பொருளில் பீர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும், திறந்து பாருங்கள். உங்களுக்குத் துண்டு கொடுக்கிறவர், உங்களிடம் துண்டு வாங்குகிறவர், எல்லாருடைய ஐபி முகவரியும் (இணைப்புக்கு இன்டர்நெட்டில் இருக்கிற எண்) நாட்டுக் கொடிப் படத்தோடு வரிசையாக நிற்கும். உங்களுடையதும் அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. அது அந்த முறையின் இயல்பு. பெரிய ஃபைலை ஒரே சர்வர் தலையில் கட்டாமல், வாங்கியவர்களே பிறருக்கும் கொடுக்கிற அருமையான ஏற்பாடு. நம் ஊரில் மட்டும் 'டோரண்ட்' என்று வாயைத் திறந்தாலே திருட்டு விசிடி வாசம் அடித்துவிடுகிறது.

அந்த வாசம் எங்கிருந்து வந்தது என்பதில் நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு. 2012-ல் '3', 'தம்மு' படங்களுக்காக, பெயர் தெரியாத எதிராளிகள் மீது வாங்கிய தடையாணையைக் காட்டியதும் இன்டர்நெட் கம்பெனிகள் விமியோ என்கிற வீடியோ தளம் வரைக்கும் மொத்தமாக மூடின. குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்க வேண்டியிருந்தது. பாடம் படித்தார்களா? 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றம் தடுக்கச் சொன்னது 2,600-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியல். அதில் இன்டர்நெட் ஆர்க்கைவும் மாட்டிக்கொண்டது. அச்சில் கிடைக்காத எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் கிடக்கிற இடம் அது. அதைத் திறந்தால் தடை அறிவிப்பு. அதே காலத்தில் திருட்டுப் படம் போடுகிற தமிழ்ராக்கர்ஸ், தளப் பெயரின் வாலை (.com மாதிரி) மாற்றி மாற்றி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

தயாரிப்பாளர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்து, முதல் காட்சி முடிவதற்குள் பிரிண்ட் போனில் வந்தால் யாருக்குத்தான் எரியாது? தியேட்டரில் கேமரா வைத்தவனைப் பிடிக்கட்டும், நானும் கை தட்டுவேன். ஆனால் 2016-ல் தடுக்கப்பட்ட பக்கங்களில் வந்த அறிவிப்பை மறக்கமுடியுமா? பார்த்தாலே 3 வருடம் ஜெயில், 3 லட்சம் அபராதம் என்கிற தோரணை. வெறுமனே பார்ப்பது குற்றமில்லை என்று மும்பை உயர்நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்தியது. அந்தத் தெளிவு யார் காதில் விழுந்தது? மிரட்டல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. தம்பி கேட்டதும் நான் உளறினேனே, அது இந்த பயம்தான்.

விபிஎன் போட்டுக்கொள் என்கிறார் நண்பர். நம் இணைப்பை வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புகிற சேவை அது. போட்டால் நம் ஊர்க் கம்பெனிக்குத் தெரிவது, முகம் தெரியாத வேறொரு கம்பெனிக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். 2022-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்கச் சொன்னதும் பெரிய விபிஎன் கம்பெனிகள் சில, சர்வரையே இங்கிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டன. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன நாட்டில்தான் இதெல்லாம்.

என்னால் முடிந்தது ஒன்று செய்தேன். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வெளியிலிருந்து உள்ளே வரும் வழி வேறு திறந்தே கிடந்தது. பாஸ்வேர்டை மாற்றி, அந்த வழியையும் அடைத்தேன்.

முந்தாநாள் மழையில் லைன் போனது. தம்பியைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே அழைத்தார்.

"ஏனுங்ணா, இங்கிருந்து உள்ள போக முடியலீங்களே. பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?"

"ஆமாங் தம்பி."

"எதுக்குங்ணா?"

"நேர்ல வாங்க, காப்பி போட்டு வைக்கறேன்" என்றேன்.