நேரம் குறித்து வைத்துப் பழகினால் என்ன தப்பு?

ஜப்பானில் வேலை பார்த்தேன் என்று சொன்னதும் நம் ஆட்கள் பலரும் சொல்வது இதுதான்: "அவங்க மெஷின் மாதிரி, மனசு விட்டுப் பழக மாட்டாங்க." ஆபீஸ் விருந்தைக்கூட இரண்டு மணி நேரம், தலைக்கு இத்தனை யென் என்று திட்டம் போட்டு நடத்துகிறவர்களிடம் என்ன நட்பு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புதிய இடத்தில் வாய் திறக்கவே தயங்கும் என்னைப் போன்ற ஆளுக்கு அந்தத் திட்டம்தான் கைகொடுத்தது.

டோக்கியோவில் நான் சேர்ந்தது ஏப்ரலில். அங்கே நிதியாண்டும் பள்ளியாண்டும் அப்போதுதான் தொடங்கும், எங்கே பார்த்தாலும் வரவேற்பு விருந்துதான். எங்கள் டீம் ஷிம்பாஷியில் ஓர் இசகாயாவைப் பிடித்திருந்தது. குடியும் சாப்பாடும் சேர்ந்த கடை, ஆனால் நம்ம ஊர் பார் மாதிரி இல்லை. பெண்கள் தயங்காமல் போய் உட்காரலாம்.

ஜப்பானின் முதல் ரயில் 1872-ல் ஓடியது ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையில்தான். இன்றும் ஸ்டேஷன் வாசலில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. யாரைக் கேட்டாலும் "எஞ்சின் பக்கத்தில் சந்திப்போம்" என்பார்கள். ரயில் மேலே போகும், செங்கல் வளைவுகளுக்கு அடியில் வரிசையாகக் கடைகள், கோழி சுடும் புகை தெரு வரைக்கும் வரும்.

ஏற்பாடு முழுக்க டீமிலேயே சின்னப் பையன் ஒருவன் பொறுப்பு. காசு வசூலும் அவனே. நான் புது ஆள் என்பதால் என்னிடம் வாங்கவில்லை, மேனேஜர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார். எல்லோர் கையிலும் கிளாஸ் வந்து "கம்பாய்" (அவர்கள் ஊர் "சியர்ஸ்") சொல்லும் வரை யாரும் ஒரு வாய் குடிக்கவில்லை. எனக்கு ஊலாங் டீ. ஏன் குடிக்க மாட்டீங்க என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்க் கல்யாண வீட்டில் இனிப்பு வேண்டாம் என்றால்கூடப் பத்துக் கேள்வி வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு வழக்கம். தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ள மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிற மாதிரி, அடுத்தவர் கிளாஸில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. பாட்டிலை எடுத்துக்கொண்டு யார் பக்கத்தில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பேச்சைத் தொடங்க வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்படித்தான் மேனேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆபீஸில் தலையசைப்பதோடு சரி. அன்று மேலே சத்தம் கேட்டதும் விரலைத் தூக்கி, "இது யமனோதே, இது தோகைதோ" என்று ரயில் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார். மனிதர் முற்றிய ரயில் பைத்தியம்! எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம் என்றதும் சாப்ஸ்டிக் உறையைப் பிரித்து அதில் பல்சக்கரம் வரைந்தார். நம்ம ஊட்டி மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த பட்டை இருக்கிறதல்லவா, அந்த ஆப்ட் முறை இப்போது ஜப்பானில் ஓடுவது ஒரே ஒரு பாதையில்தானாம், ஷிஜுவோகா மலைப்பக்கம் இகாவா லைனில். நான் பிறந்ததிலிருந்து பார்த்த ரயிலைப் பற்றி ஷிம்பாஷியில் ஒருவர் பாடம் எடுக்க, கோழி ஈரலும் இதயமும் தோலும் குச்சி குச்சியாக வந்து காலியாகிக்கொண்டிருந்தன.

இரண்டு மணி நேரம் முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று, ஒரு குரல் கொடுத்து, ஒரே ஒரு தடவை கை தட்டினோம். அவ்வளவுதான் விருந்து. இன்னும் வேண்டும் என்பவர்கள் கரோக்கே பக்கம் போனார்கள், மற்றவர்கள் ஸ்டேஷனுக்கு. "அதுக்குள்ள கிளம்பிட்டியா" என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் அதே பழைய தலையசைப்பு. இதைத்தான் நம்மவர்கள் போலித்தனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்தில் காட்டிய நெருக்கத்தை ஆபீஸில் உரிமையாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்ல பழக்கம்தான். நம்ம ஊரில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த நாளே சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. மேலதிகாரி கூப்பிட்டால் மறுக்க முடியாமல் வருகிறவர்கள் உண்டு. வீட்டில் குழந்தை காத்திருக்கும் பெண்ணுக்கு ராத்திரி விருந்து சுமைதான். அதையே மதியச் சாப்பாடாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இளைஞர்கள் பலர் இப்போது வர மறுப்பதும் நியாயமே, வற்புறுத்திக் குடிக்க வைப்பதை எந்த ஊரிலும் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனால் "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு அந்த ஒருநாளை வரவே விடாத நம்மை விட, தேதி போட்டு, இடம் பிடித்து, புது ஆளை நடுவில் உட்கார வைத்தவர்கள் எனக்கு மேல். அடுத்த விருந்தில் நானே பாட்டிலோடு எழுந்து, மீட்டிங்கில் வாயே திறக்காத ஒரு பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனில் அவர் காட்டிய பூனைப் படங்கள் லாஸ்ட் ஆர்டர் கேட்க ஆள் வந்தபோதும் முடியவில்லை.