மூணு மாசத்துல உடம்பு ஏறுமா மாமா?

அக்கா மகனுக்குத் தை மாதம் கல்யாணம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தான். அவன் போகிற ஜிம்மில் மாஸ்டர் எழுதிக் கொடுத்த பட்டியல். மாஸ் கெய்னர் 3 கிலோ, வே புரோட்டீன் 2 கிலோ, பிசிஏஏ, ப்ரீ ஒர்க்கவுட், மல்டி விட்டமின். அடியில் கூட்டிப்போட்டு 16,500 ரூபாய். அதற்கும் கீழே பொடி எழுத்தில், "கோர்ஸ் 10 வாரம், நேரில் பேசவும்."

"மூணு மாசத்துல உடம்பு ஏறிடும்ங்கிறாரு மாமா. ஏறுமா?"

குடும்பத்தில் கம்பி தூக்குகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. அதுவும் ஆசைப்பட்டுத் தூக்கப் போனவன் இல்லை. 39 வயதில் மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்று வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தின படி. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒல்லியாத்தான் இருக்கீங்க, ஆனா சதையே இல்லையே" என்றார். கை கால் குச்சி, நடுவில் மட்டும் ஒரு பானை. பேண்ட் போட்டு இன் பண்ணினால் யாருக்கும் தெரியாது.

இது என் ஒருவன் கதை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, ஒன்றே, 22.3. பார்த்தால் இரண்டு பேரும் ஒல்லி. ஆனால் உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்கியதும் அதை வாங்கி வைத்துக்கொள்கிற முக்கியமான கிடங்கு தசைதான். கிடங்கே இல்லாத வீட்டில் மூட்டையை எங்கே இறக்குவது? அதனால் "ஜிம்முக்குப் போறது கண்ணாடி பாக்கத்தான்" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சூடாகிவிடுவேன்.

சரி, மாப்பிள்ளையின் தாளுக்கு வருகிறேன். முதலில் கடைசி வரி.

கோர்ஸ் என்றால் என்னவென்று ஜிம் பக்கம் ஒதுங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனும் அதன் பங்காளிகளும். ஊசியாகவோ மாத்திரையாகவோ வாரக் கணக்கில் போடுவது. உடம்பு ஏறுமா என்றால், ஏறும். அதில் பொய் இல்லை. ஆனால் ஹார்மோன் வெளியிலிருந்து வரத் தொடங்கியதும் மூளை, 'சரக்குதான் நிறைய இருக்கே' என்று விதைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடுகிறது. உள்ளூர் உற்பத்தி படுத்துவிடும். விதை சுருங்கும். விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்குப் பூஜ்யம் வரைக்கும். நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர மாதக் கணக்காகும், சிலருக்கு அதற்கும் மேலே. நல்ல கொழுப்பு இறங்குவது, இதயச் சுவர் தடிப்பது, மாத்திரையாகப் போட்டால் ஈரல் கெடுவது எல்லாம் தனிக் கணக்கு. தையில் கல்யாணம் பண்ணிக்கொண்டால் சித்திரையிலேயே "விசேஷம் ஏதும் உண்டா" என்று விசாரிக்கிற ஊர் இது. கல்யாணத்துக்குத் தயாராகிறேன் என்று போய் இதையா போட்டுக்கொள்வது? அவனிடம் இப்படியே சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. ஆனால் தாளின் அடிப்பகுதியை அவனே கிழித்துப் போட்டான்.

மருந்தில்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. டெஸ்டோஸ்டிரோனை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியது 1935இல். அதற்கு முன்னால் வாழ்ந்து முடித்த பயில்வான்களின் படங்களைப் பாருங்கள். யூஜின் சாண்டோ 1925இலேயே இறந்துவிட்டார். நம் ஊரில் பலசாலிகளின் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' என்று ஒட்டிக்கொண்டதே, அந்த மனிதரின் பெயர்தான் அது. அந்தத் தோளும் வயிறும் சாப்பாடு, தூக்கம், இரும்பு மூன்றிலும் வந்தவை. அதற்காக நாம் எல்லோரும் சாண்டோ ஆகிவிட முடியாது, அவரவர் எலும்புக்கூடு, அவரவர் அப்பா அம்மா கொடுத்தது. ஆனால் உச்சவரம்பு நாம் நினைப்பதைவிட உயரத்தில்தான் இருக்கிறது. போன் திரையில் பார்க்கிற மாடல்கள் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இன்னொருவர் வங்காளத்து மனோகர் ஐச். 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்கார அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனவர், உள்ளே உட்கார்ந்து உடற்பயிற்சி செய்தே உடம்பைத் தேற்றினார். 1952இல், நாற்பது வயதில், மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் உயரம் குறைந்தோர் பிரிவில் பட்டம் வாங்கினார். 104 வயது வரை இருந்து 2016இல்தான் போனார். சாப்பாடு என்னவென்று கேட்டால், பாந்தா பாத் என்பாராம். நம்முடைய பழைய சோறுதான். கூடவே மீன், பருப்பு, பால். சோற்றை விட்டால்தான் உடம்பு வரும் என்று சொல்கிறவர்களிடம் நான் இவரைத்தான் காட்டுவேன். சோறு எதிரி இல்லை. கம்பி தூக்கத் தெம்பு அதிலிருந்துதான் வருகிறது. சோற்றுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாததுதான் நம் பிரச்சினை.

மாப்பிள்ளையை உட்கார வைத்து முந்தின நாள் சாப்பிட்டதை எழுதச் சொன்னேன். காலையில் நாலு இட்லி, சாம்பார், சட்னி. மதியம் சோறு, சாம்பார், ரசம், கோஸ் பொரியல், மோர். சாயங்காலம் டீ, ஒரு வடை. ராத்திரி மூணு தோசை. "நல்லாத்தான மாமா சாப்பிடுறேன்?" நல்லாத்தான் சாப்பிடுகிறான், வயிறு நிறைய. ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் இரண்டரை. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டியும் 45 கிராமைத் தாண்டவில்லை. அவன் எடை 62 கிலோ. சும்மா இருக்கிற ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து வழிகாட்டுதல் சொல்கிறது, அதாவது இவனுக்கு 51. எடை தூக்கித் தசை சேர்க்க நினைப்பவனுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு வேண்டும். கிட்டத்தட்ட 100. ஒரு வருடமாக ஜிம்முக்குப் போகிறான், பாதிச் செங்கலை வைத்துக்கொண்டு முழு வீடு கட்ட.

நாமக்கல் முட்டை நாடு முழுக்கப் போகிறது. சத்துணவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாள் முட்டை. அதே பிள்ளை கல்லூரி முடித்துச் சம்பாதிக்க ஆரம்பித்ததும் முட்டையை வாரத்துக்கு ஒரு முறை ஆம்லெட்டாகப் பரோட்டாக் கடையில் பார்க்கிறான். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அவனுக்கு நான் போட்டுக் கொடுத்தது இவ்வளவுதான். இப்போது சாப்பிடுவதில் வடையைத் தவிர எதையும் குறைக்க வேண்டாம். காலையில் இட்லியோடு மூன்று அவித்த முட்டை, மஞ்சள் கருவோடு, 18 கிராம். சாயங்காலம் வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல், 12. மதியமோ ராத்திரியோ 150 கிராம் கோழி அல்லது மீன், 30 வரும். மத்தியும் அயிலையும் போதும், வஞ்சிரம் வாங்கி வீட்டுப் பட்ஜெட்டை உடைக்க வேண்டியதில்லை. கறி எடுக்காத நாளில் மீல் மேக்கர் 50 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 26. கிட்டத்தட்ட 100 வந்துவிட்டது. நிலக்கடலையைப் புரதம் என்று நினைத்து ஒரு படி தின்கிறவர்கள் உண்டு. அதில் புரதம் இருக்கிறது, ஆனால் அதைவிட எண்ணெய் அதிகம். எடை ஏற வேண்டிய இவனுக்குச் சரி, என்னைப்போல் பானை வைத்திருப்பவர்கள் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பட்டியலில் இருந்த மற்றவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'பவுடர் எல்லாம் விஷம்' என்று நான் சொன்னதாக யாராவது பார்வர்டு போடுவார்கள். வே என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற தண்ணீரைக் காயவைத்தது. பால்தான். ஸ்டீராய்டு இல்லை. கறி, முட்டை தொடாதவர்களுக்கு உண்மையிலேயே உதவும். மாஸ் கெய்னர் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும், அந்தக் காசுக்கு வாழைப்பழமும் பாலும் வாங்கலாம். பிசிஏஏ என்பது புரதத்தில் இருக்கிற மூன்று அமினோ அமிலங்கள்தான், போதுமான புரதம் சாப்பிடுகிறவனுக்கு அது வீண் செலவு. பயிற்சிக்கு முன்னால் கரைத்துக் குடிக்கிற ப்ரீ ஒர்க்கவுட்டில் வேலை செய்வது முக்கியமாகக் காஃபின், ஒரு டம்ளர் ஃபில்டர் காபி போதும். விசித்திரம் என்னவென்றால், பட்டியலிலேயே இல்லாத கிரியேட்டின்தான் உருப்படியான பொருள், தசைக்குச் சட்டென்று தெம்பு கொடுக்க உதவுவது. ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம். அதைச் சாப்பிடுகிறவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எடுக்கிற கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறித் தெரியும். நான் சொல்லாமல் போய், 'கிட்னி டெஸ்ட் எடுங்க' என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டது.

அப்புறம் பயிற்சி. இவன் செய்வது திங்கள் நெஞ்சு, செவ்வாய் பைசெப்ஸ், புதன் நெஞ்சு, வியாழன் பைசெப்ஸ். காலுக்கு ஒரு நாளும் இல்லை. "பேண்ட்டுக்குள்ளதான மாமா இருக்கு" என்றான். உடம்பிலேயே பெரிய தசைகள் எல்லாம் இடுப்புக்குக் கீழேயும் முதுகிலும்தான் இருக்கின்றன. அதை வீட்டிலேயே விட்டுவிட்டுத் திருவிழாவுக்கு எப்படிக் கிளம்புவது? எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், தரையிலிருந்து கம்பியைத் தூக்குகிற டெட்லிஃப்ட், படுத்தபடி மேலே தள்ளுகிற பெஞ்ச் பிரஸ், தலைக்கு மேலே தள்ளுகிற ஷோல்டர் பிரஸ், முதுகுக்கு, வயிற்றை நோக்கி இழுக்கிற ரோ. வாரத்தில் மூன்று நாள், மாற்றி மாற்றி. ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை வேலை கிடைத்தால் போதும். ஆறு நாளும் போய்க் கிடக்க வேண்டியதில்லை.

இதில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது ஒரு 40 பக்க நோட்டு. போன வாரம் என்ன எடை, எத்தனை ரெப், அதாவது எத்தனை தடவை தூக்கினோம் என்று எழுதி வைத்து, இந்த வாரம் அதைவிட ஒரு ரெப் கூட, அல்லது இரண்டரை கிலோ கூட. எங்கள் தெற்கத்திக் கிராமங்களில் இளைஞர்கள் பலத்தைக் காட்டத் தூக்குகிற உருண்டைக் கல், இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். கல் ஒரே எடைதான். ஆனால் யாரும் முதல் நாளே தோளுக்கு மேல் வீசியதில்லை. முதலில் தரையை விட்டுக் கிளப்புவான், அப்புறம் முழங்காலுக்கு, மடிக்கு, நெஞ்சுக்கு. கல் மாறாவிட்டாலும் அது ஏறுகிற உயரம் மாறும். ஜிம்மில் பிளேட்டை மாற்றிக்கொள்ளலாம், நமக்கு வேலை சுலபம். நான் வெறும் கம்பியில் ஆரம்பித்தேன், 20 கிலோ. இன்றைக்கு ஐந்து வருடம் கழித்து 90 கிலோ வைத்து உட்கார்ந்து எழுகிறேன். நடுவில் ஒரு நாள் பக்கத்தில் இருந்த பையனைப் பார்த்து ரோஷப்பட்டு, முதுகு வளைந்தபடியே டெட்லிஃப்டில் 100 கிலோவை இழுத்து, மூன்று வாரம் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் கிடந்தேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ராத்திரி ஒரு மணி வரை போன் பார்க்கிறவனுக்கு இதில் பாதிதான் பலிக்கும். தசை வளர்வது தூக்கும்போது இல்லை, தூங்கும்போதும் சாப்பிட்ட பிறகும்தான். ஏழு எட்டு மணி நேரம் தூங்கு என்றேன். கல்யாணம் நிச்சயமான பையனிடம் இதைச் சொல்வது எவ்வளவு பயனுள்ள காரியம் என்று எனக்கும் தெரியும்.

இனி அவன் கேள்விக்குப் பதில். ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூக்கினால் புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு முதல் வருடம் மாதம் அரைக் கிலோ, நன்றாகப் போனால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தசை சேரும். அடுத்த வருடம் அதில் பாதி. முதல் இரண்டு மாதத்தில் தூக்குகிற எடை சரசரவென்று ஏறும், ஆனால் அது நரம்பு வேலையைப் பழகிக்கொள்வது, சதை இல்லை. ஆக மூன்று மாதத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ. கேட்டதும் அவன் முகம் தொங்கிவிட்டது. "அவ்வளவுதானா?" கறிக்கடையில் இரண்டு கிலோ கறியை ஒரு பையில் வாங்கிப் பார், தோளிலும் முதுகிலும் அதைப் பரப்பினால் எப்படி இருக்கும் என்று யோசி என்றேன். யோசித்தான். ஒல்லியான ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது ஒரு மாதம் ஓடிவிட்டது. ஜிம்மை மாற்றிவிட்டான். பத்து நாளில் நாலு நாள் சுண்டலை ஊறவைக்க மறக்கிறான். அக்கா இரண்டு முறை போன் பண்ணி, "ஏன்டா, தினம் மூணு முட்டைன்னா சூடு பிடிக்காதா?" என்று கேட்டாள். மோர் குடிக்கச் சொல் என்றேன், அதிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது. எடை 62இலிருந்து 62.9. நோட்டில் ஸ்குவாட் 20இலிருந்து 37.5.

நேற்று கோட்டுக்கு அளவு கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். டெய்லர் டேப்பைப் பிடித்துக்கொண்டு, "ஸ்லிம் ஃபிட்டா தச்சிரவா தம்பி?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். தோளில் அரை இஞ்ச் துணி உள்ளே விட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.