வீடியோ பிராசசர் வாங்குமுன் கூரையை அண்ணாந்து பாருங்கள்

"புரொஜெக்டருக்குத் தனியா ஒரு வீடியோ பிராசசர் போடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் தியேட்டர் அறையின் கூரைக்கு என்ன பெயின்ட்? வெள்ளை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்தப் பிராசசர் பெட்டிக்கு எடுத்து வைத்த பணம் வங்கியிலேயே இருக்கட்டும். நாம் கறுப்பு வெல்வெட் துணி வாங்கப் போகலாம்.

கிண்டல் இல்லை. திரையில் வெளிச்சமான காட்சி வந்ததும் கூரையைப் பாருங்கள், நிலா வெளிச்சம் மாதிரி பளபளக்கும். அந்த வெளிச்சம் திரும்பத் திரையிலேயே விழுந்து கறுப்பையெல்லாம் சாம்பலாக்கிவிடும். எத்தனை லட்சம் கொடுத்த புரொஜெக்டராக இருந்தாலும் சரி, வெள்ளை அறையில் அதன் கான்ட்ராஸ்ட் பிரோஷரில்தான் இருக்கும். ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் மட்டமான வெல்வெட்டைத் திரைக்கு முன்னால் கூரையிலும் பக்கச் சுவர்களிலும் ஐந்தடி ஆறடிக்கு ஒட்டினாலே வித்தியாசம் கண்ணை அறையும். வீட்டில் இருப்பவர்கள் "இதென்ன குகையா?" என்பார்கள். சொல்லட்டும்.

சரி, சுவர் கறுப்பாகிவிட்டது, பணமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெட்டிக்கு வரலாம்.

பிளேயருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஹெச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தைச் சீர்படுத்தி அனுப்புகிற கருவி இது. இன்றைக்கு வீட்டு உபயோகத்தில் பேசப்படுகிற பெயர்கள் இரண்டு: லூமஜென் ரேடியன்ஸ் ப்ரோ, மேட்விஆர் என்வி. விலை ஆயிரக்கணக்கான டாலர். என்வியின் மேல் மாடல் பத்தாயிரம் டாலரைத் தாண்டும். அதோடு ஷிப்பிங், சுங்க வரி. நம்மில் பலருடைய புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஏவி ரிசீவர் எல்லாம் சேர்த்தே அந்தத் தொகை வராது.

முன்பு இந்தப் பெட்டிகளுக்கு வேறு வேலை இருந்தது. பழைய பிக்சர் டியூப் (சிஆர்டி) புரொஜெக்டர் காலத்தில் ஃபரூஜா லைன் டப்ளர் என்றால் ஒரு மரியாதை. அப்புறம் டிவிடி நாட்களில் டிவிடிஓ ஐஸ்கேன். இன்டர்லேஸ் படத்தை, அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறு தடவை என்று வருவதைச் சரியாகக் கோத்து முழு ஃபிரேமாக்குவதுதான் வேலை. அது சொதப்பினால் எப்படி இருக்கும் என்று நம் ஊர் டிவியிலேயே பார்த்திருப்பீர்கள். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து சீப்புப் பல் மாதிரி கிழியும். கட்டம் போட்ட பட்டுப் புடவை அசையும்போது கட்டமெல்லாம் மினுமினுத்து ஊரும். 2006-இல் ப்ளூ-ரே வந்து, படம் விநாடிக்கு 24 முழு ஃபிரேமாகவே தட்டில் இருந்தபோது அந்த வேலை பாதி போய்விட்டது. மீதியை டிவிக்குள்ளும் பிளேயருக்குள்ளும் இருக்கிற சிப்பே பார்த்துக்கொண்டது. இனி இந்தப் பெட்டிகளுக்கு வேலையில்லை என்றுதான் பலரும் நினைத்தோம்.

ஹெச்டிஆர், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் பழையதைவிட அதிக வீச்சு உள்ள பட வடிவம், வந்து இந்தப் பெட்டிகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பணம் போகிற இடம் இதுதான்.

ஹெச்டிஆருக்கு முந்தைய எஸ்டிஆர் படத்தில் சிக்னல் சொல்வது "உன்னால் முடிந்த வெளிச்சத்தில் இத்தனை சதவீதம்" என்று. ஹெச்டிஆர்10 அப்படியில்லை. "இந்தப் புள்ளி 800 நிட்" என்று நேராகவே சொல்லும் (நிட் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதன் அளவுகோல் 10,000 நிட் வரை போகும். ஸ்டுடியோவில் பெரும்பாலும் 1,000 அல்லது 4,000 நிட் மானிட்டரில் கலர் செய்கிறார்கள். நம் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். 120 அங்குல 16:9 திரையின் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். கேலிபரேஷன், அதாவது நிறமும் வெளிச்சமும் அளந்து சரிசெய்வது, முடிந்து புரொஜெக்டர் உண்மையில் 1,500 லூமன் ஒளி தருகிறது, திரை ஒளியைத் திருப்பித் தரும் அளவான கெயின் 1 என்றால், லூமனைப் பரப்பாலும் 3.14-ஆலும் வகுக்க வேண்டும். கிடைப்பது 120 நிட். அவ்வளவுதான். கடையில் வைத்திருக்கும் சாதாரண ஓலெட் டிவிகூட சின்னச் சின்ன இடங்களில் இதைப்போல ஐந்தாறு மடங்கு தரும்.

ஆயிரத்தை 120-க்குள் அடக்குவதற்குப் பெயர்தான் டோன் மேப்பிங். படம் முழுக்க ஒரே கணக்கில் அடக்கினால், எங்கோ ஒரு காட்சியில் வரப்போகும் வெடிக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதற்காக இரண்டரை மணி நேரமும் மங்கலாக ஓடும். "ஹெச்டிஆர் போட்டா படம் இருட்டா இருக்கு" என்று புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் புலம்புவதற்குக் காரணம் இதுதான். பெட்டி ஒவ்வொரு ஃபிரேமையும் அளந்து, அந்தந்தக் காட்சிக்கு ஏற்றபடி அடக்குகிறது. படத்தின் வெளிச்சம் பற்றித் தட்டில் எழுதியிருக்கும் குறிப்பை, அதாவது மெட்டாடேட்டாவை, நம்புவதில்லை. நம்பாததும் நல்லதுதான், பல தட்டுகளில் அது தப்பாகவோ காலியாகவோ இருக்கும்.

கோவையில் ஒரு நண்பர் வீட்டில் இதைப் பார்த்தேன். உச்சி வெயில், பின்னால் வெள்ளை மேகம், முன்னால் தொப்பி நிழலில் ஒரு முகம். பெட்டி இல்லாமல், புரொஜெக்டரின் சாதாரண ஹெச்டிஆர் மோடில், மேகம் ஒரே வெள்ளைத் திட்டு, முகம் கரிக்கட்டை. பெட்டி வழியாகப் போட்டதும் மேகத்துக்கு மடிப்பு மடிப்பாக உருவம் வந்தது, கன்னத்து வியர்வை தெரிந்தது. அறையில் இருந்த எல்லோரும் "அடேங்கப்பா" என்றோம்.

அப்புறம்தான் நான் ஒரு வேண்டாத வேலை செய்தேன். பெட்டியைச் சும்மா இருக்கவிட்டு, அந்த ஜேவிசி புரொஜெக்டரிலேயே இருக்கும் ஃபிரேம் அடாப்ட் ஹெச்டிஆரை ஆன் செய்யச் சொன்னேன். 2019-லேயே ஜேவிசி ஃபர்ம்வேர் அப்டேட்டாக இலவசமாகக் கொடுத்த வசதி அது, ஃபிரேம் பார்த்து அடக்குவதுதான் அதற்கும் வேலை. முகம் அப்படியே இருந்தது. மேகத்தின் ஓரத்தில் மட்டும் பெட்டி இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. அது தெரிவதற்கு நான் சோபாவைவிட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. காபி வந்து காப்பாற்றியது.

பெட்டிதான் ஜெயித்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் ஒப்பீட்டில் தெரிந்த பிரமாண்டமான வித்தியாசத்தில் பெரும்பகுதி புரொஜெக்டரின் பழைய மோடுக்கும் புதிய மோடுக்கும் இருந்த வித்தியாசம். மிச்சம் இருக்கிற அந்தச் சின்னப் பகுதிக்குத்தான் நீங்கள் லட்சங்களைக் கொடுக்கிறீர்கள்.

உங்கள் புரொஜெக்டரில் அந்த வசதி இல்லையா? அப்போதும் நேராகப் பெட்டிக்குப் போக வேண்டியதில்லை. பானசோனிக் யுபி820 மாதிரி டிஸ்க் பிளேயரில், திரை புரொஜெக்டர் என்று சொல்லிவிட்டால் அதுவே டோன் மேப்பிங் செய்து அனுப்பும். ஹெச்டிஃப்யூரி நிறுவனத்தின் சின்னக் கருவி ஒன்றை நடுவில் செருகி, "இங்கே இருப்பது டால்பி விஷன் (இன்னொரு ஹெச்டிஆர் வகை) திரை" என்று ஸ்ட்ரீமிங் பெட்டியை ஏமாற்றி, காட்சிக்குக் காட்சி மாறும் மேப்பிங்கை வாங்கிக்கொள்ளும் தந்திரமும் இருக்கிறது. விலை சில நூறு டாலர்தான். தட்டை ஃபைலாக வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ஆட்கள் விண்டோஸில் மேட்விஆர் மென்பொருளையே போடலாம். என்வி அதிலிருந்து வளர்ந்ததுதான், மென்பொருள் இலவசம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் நிறையப் பொறுமையும் வேண்டும். ஓடிடி ஆப்களுக்கு இந்த வழி உதவாது.

ஓலெட் டிவிக்காரர்கள் இவ்வளவு தூரம் படித்திருக்கவே வேண்டாம். உங்களுக்குத் தேவையில்லை.

"ஓடிடி படமெல்லாம் தெளிவாகிடுமா?" என்று ஒரு கேள்வி வரும். 4கே தட்டில் விநாடிக்கு 128 மெகாபிட் வரை போகும். ஓடிடி தருவது அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இருட்டுக் காட்சியில் சுவரில் பட்டை பட்டையாகத் தெரிவதைப் பெட்டி கொஞ்சம் தடவிக்கொடுக்கும், போன நுணுக்கம் திரும்பாது. நம் பழைய தமிழ்ப்பட டிவிடிகள் இன்னும் மோசம். பலவற்றில் இரண்டு ஃபிரேமை ஒன்றாகக் கலந்தே தட்டில் ஏற்றியிருப்பார்கள். நடனக் காட்சியில் நாயகிக்கு நாலு கை தெரியும். அதை எந்தப் பெட்டியாலும் பிரித்தெடுக்க முடியாது.

பிறகு யார்தான் வாங்குவது? 2.39 சினிமாஸ்கோப் திரை, அதாவது உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலமான திரை, போட்டவர்கள். இவர்களுக்கு ஹெச்டிஆரைவிட இன்னொரு தலைவலி பெரிது. ஒரு படம் 2.39, அடுத்தது 1.85, ஐமாக்ஸ் காட்சி வந்தால் நடுவிலேயே மாறும். பெட்டி கறுப்புப் பட்டையைத் தானே கண்டுபிடித்து அளவை மாற்றும், ரிமோட்டைத் தொட வேண்டாம். நம்மவர்கள் மலையாளமும் கொரியனும் சப்டைட்டிலோடு பார்க்கிறவர்கள். அந்த எழுத்து அடிப்பட்டையில் வந்தால் ஸ்கோப் திரைக்கு வெளியே சுவரில் விழும். அதைக் கண்டு படத்தை நகர்த்துகிற வசதியும் இந்தப் பெட்டிகளில் உண்டு. என்னைக் கேட்டால் டோன் மேப்பிங்கைவிட இதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கலருக்கான 3டி லட், அதாவது எந்த நிறத்தை எப்படித் திருத்துவது என்ற அட்டவணை, வசதியும் சேர்த்தி, லூமஜெனில் 17×17×17, ஆக 4,913 புள்ளிகளில் நிறத்தைத் திருத்தலாம். ஆனால் நிறத்தை அளக்கும் மீட்டரும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் இல்லாமல் அது வெறும் மெனு.

டெமோ கேட்டுப் போகிறவர்கள் இரண்டை மட்டும் வற்புறுத்துங்கள். ஒன்று, பெட்டி இல்லாத படத்தைப் புரொஜெக்டரின் மிகச் சிறந்த ஹெச்டிஆர் மோடில் போடச் சொல்லுங்கள். இரண்டு, இரண்டு படத்தின் வெளிச்சத்தையும் சமமாக வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பளிச்சென்று இருப்பதைத்தான் கண் எப்போதும் நல்லது என்று சொல்லும். பழுதானால் யார் பார்ப்பார்கள், போய்வர எத்தனை வாரம் என்பதையும் பில் போடுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கோப் திரையோடு பெட்டி வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: பட்டை மாறும்போது அது சட்டென்று மாறுகிறதா, இல்லை ஒரு கணம் தடுமாறுகிறதா? கோவையில் பார்த்தபோது அந்தச் சோதனைக்கு நேரம் கிடைக்கவில்லை.