நிராகரித்தால் கமிஷனா?

“இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரிக்கும் ஒவ்வொரு முறையும் காப்பீட்டு நிறுவன ஊழியருக்குக் கமிஷன் கிடைக்கிறது” என்று சிலர் சொல்வது தவறு. கமிஷன் என்பது பாலிசி விற்கும் முகவருக்கு. கோரிக்கைப் பிரிவில் இருப்பவர்கள் பொதுவாக மாதச் சம்பளக்காரர்கள்.

இதை ஒத்த அநியாயம் நடந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ரத்து செய்த பாலிசிகளின் எண்ணிக்கையை ஊழியரின் போனஸோடு இணைத்த அமெரிக்காவின் ஹெல்த் நெட் நிறுவனம், ஒரு புற்றுநோயாளிக்கு 90 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2008இல் நடுவர் தீர்ப்பளித்தார். அது அம்பலமான விதிவிலக்கு. அதை வைத்து எல்லோரையும் அளக்க முடியாது.

பெரிய நிறுவனத்தில் அன்றாட நெருக்கடி வேறு. தேங்கிய கோப்புகள் எத்தனை, எத்தனை நாளில் முடித்தீர்கள், தணிக்கையில் எத்தனை பிழை என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தாமாக ஒப்புதல் தரக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். உண்மையில் நிராகரிப்பதில்தான் வேலை அதிகம். பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் காட்ட வேண்டும். மேல்முறையீடு வந்தால் அதே கோப்பு மறுபடி வரும். ஆகவே சிலர் “கூடுதல் ஆவணம் தேவை” என்று ஒரு கடிதம் அனுப்பி நாளைக் கடத்துவார்கள். கோபப்படுவதாக இருந்தால் அதன்மீது கோபப்படுங்கள்.