துரத்த வேண்டாம், வீட்டுக்கு வாங்கோ

இரவில் பைக் ரேஸ் ஓடுகிற பெடியளைப் பிடிக்கப் பொலிஸ் சோதனையைக் கூட்டினால் யாழ்ப்பாணத்தில் இரண்டு கதைதான் வரும். 'நல்லா வேணும், பைக்கைப் பறிச்சு நசிச்சு எறியுங்கோ' என்பது ஒன்று. 'வாள்வெட்டுக்காரனை விட்டிட்டு ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்கினம்' என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. என் ஆத்திரம் வேறு இடத்தில்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் வீதிகள் ஒவ்வொன்றாகத் தார் போட்டு வழுவழுப்பான காபெட் வீதிகளாகின. அதற்கு முன் பள்ளமும் கிடங்குமே வேகத்தை அடக்கி வைத்திருந்தன. இப்போது வல்லை வெளி, செம்மணி வெளி, பண்ணை வீதி என்று வீடு வாசல் இல்லாத இடங்கள் ரேசுக்கு விரித்த பாய் மாதிரிக் கிடக்கின்றன. நம்பர் பிளேற்றை மேலே மடித்து, சைலன்சரின் உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்து, நெஞ்சு டாங்கியில் படக் குனிந்துகொண்டு ஒருத்தன் போவான். பின்னால் வருகிறவன் போனில் படம் பிடிப்பான். விடியப்புறம், அதே வேகத்தோடு பலாலி வீதிக்குள் வந்தால், புன்னாலைக்கட்டுவன் பக்கமிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி மூட்டை கட்டிக்கொண்டு ஒரு மனிசன் சைக்கிள் மிதித்து வருவார். அந்தச் சைக்கிளுக்கு லைற்றும் இருக்காது. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற பைக் 100இல் போனால், பிறேக் அடித்து நிற்கிற தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. ஓடுகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

(வீதியில் ரேஸ் ஓடுவதற்குப் பெடியள் மட்டும் பொறுப்பில்லை. ஒரே தரிப்பிடத்து ஆக்களை ஏற்ற அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடுகிற ஓட்டத்துக்குப் பெயர் என்ன? மண் ஏற்றுகிற டிப்பர்களைச் சொல்லவே வேண்டாம்.)

சரி, பொலிஸ் என்ன செய்யலாம்? துரத்தக் கூடாது. ரேஸ் ஓடுகிறவனைத் துரத்தினால் அவன் இன்னும் முறுக்குவான், குச்சொழுங்கைக்குள் விடுவான், கடைசியில் மதிலிலோ ஆளிலோ தான் நிற்பான். எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2016 ஒக்ரோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டியில், மறித்தும் நிற்கவில்லை என்று பொலிஸார் சுட்டதில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்களின் உயிர் போனது. விபத்து என்றுதான் முதலில் சொன்னார்கள். அது ரேஸ் கதையல்ல. ஆனாலும் இரவில் பொலிஸ் டோர்ச் அடித்து மறிக்கும்போது எங்கள் ஆக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்காத எந்தச் சோதனையும் இங்கே எடுபடாது. மறிக்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும்.

படம் பிடித்துப் போட்ட வீடியோக்களே போதும். அடுத்த நாள் காலமை வீட்டுப் படலையைத் தட்டட்டும். சைலன்சர் வெட்டிக் கொடுக்கிற கராஜுகள் எவை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், பொலிஸுக்கும் தெரியாமல் இருக்காது. அங்கே போகட்டும். 18 வயதாகாதவன் ஓடினால் அவனை மட்டும் நீதிமன்றத்தில் ஏற்றி என்ன பயன்? லைசன்ஸ் இல்லாதவனை ஓட விட்டவரும் சட்டப்படி குற்றவாளிதான். அதைப் பெரிதாக எழுதி ஒட்டலாம்.

அந்த 'ஓட விட்டவர்' பல வீடுகளில் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கிற மாமா. ஓஎல் சோதனை றிசல்ட் வந்தவுடன் 'அவனுக்கு என்ன பைக் வேணுமாம்?' என்று கேட்கிற நல்ல மனிசன். அங்கே தன் பிள்ளைக்குப் பயிற்சி, சோதனை எல்லாம் முடியாமல் கார்த் திறப்பைக் கொடுக்க மாட்டார். இங்கே மட்டும் மருமகன் கேட்டதும் காசு வந்துவிடும்.

மாமா, அடுத்த முறை அனுப்ப முதல் அவன்ட லைசன்ஸைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில போடச் சொல்லுங்கோ. 'பிறகு அனுப்பிறன் மாமா' என்றால், நீங்களும் காசைப் பிறகே அனுப்புங்கோ.